மாடி டாய்லெட்டில் ஒரே ஃப்ளஷ்ஷில் போகவில்லை: க்ளோசெட்டையே மாற்ற வேண்டுமா?

திருநகர்வாசி (ஞாயிறு, காலை 9.40)

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே இந்தப் பேச்சை எடுப்பதற்கு முதலில் மன்னிப்பு.

எங்கள் வீடு திருநகரில், 2009இல் கட்டியது. கீழே இந்தியன், மாடியில் வெஸ்டர்ன். கீழே ஒரு குறையும் இல்லை. மாடியில்தான் ஏழெட்டு மாதமாகப் பாடாய்ப் படுகிறோம். ஃப்ளஷ்ஷை அமுக்கினால் தண்ணீர் கோப்பையில் மேலே ஏறி நிற்கிறது, அப்புறம் மனசே இல்லாமல் பையப் பைய இறங்குகிறது. போக வேண்டியதில் பாதி அங்கேயே நிற்கும். இரண்டு தடவை, சில நாள் மூன்று தடவை அமுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் டேங்க் நிரம்பும்வரை வெளியே காத்து நிற்க வேண்டும்.

பிளம்பர் ஒருவரைக் கூப்பிட்டேன். டேங்க் மூடியைக்கூடத் திறக்கவில்லை. ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். "பீஸ் பழசாயிருச்சு சார், மாத்திருங்க. அப்படியே மாடித் தொட்டிய நாலடி தூக்கிட்டா பிரஷர் நல்லா வரும்" என்றார். பீஸ், கூலி, டைல்ஸ் ஒட்டு எல்லாம் சேர்த்து 18,000 ஆகுமாம். தொட்டி வேலை தனி.

சித்திரைத் திருவிழாவுக்கு அக்கா குடும்பமும் மச்சினன் குடும்பமும் வருகிறார்கள். எதிர்சேவை அன்றைக்கு வீட்டில் 16 பேர். அதற்குள் முடிக்க வேண்டும். மாற்றிவிடலாமா?

ஆரப்பாளையத்தான் (ஞாயிறு, காலை 9.58)

மாத்துங்கண்ணே. எங்கள் வீட்டிலும் இதே கதைதான், நானும் மாற்றலாம் என்றுதான் இருக்கிறேன். நல்ல பீஸ் எதுவென்று யாராவது சொன்னால் எனக்கும் உதவும்.

கொத்தனார்மகன் (ஞாயிறு, காலை 10.30)

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் அந்த மாடித் தொட்டிக் கதை. ஃப்ளஷ் டேங்க் வைத்த க்ளோசெட்டுக்கு மாடித் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை. மேல் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் ஃப்ளஷ் டேங்கில் விழுந்து, நிரம்பி, நின்றுவிடுகிறது. அமுக்கும்போது விழுவது அந்த டேங்கில் இருக்கும் தண்ணீர் மட்டும்தான். பிரஷர் குறைந்தால் டேங்க் நிரம்ப நேரமாகும், அவ்வளவே. டேங்க் இல்லாமல் சுவரில் நேரடியாக ஃப்ளஷ் வால்வு வைத்திருந்தால்தான் மேலிருந்து வரும் அழுத்தம் முக்கியம். உங்களுடையது டேங்க்தானே? அப்படியென்றால் தொட்டியைத் தூக்குவது வீண் செலவு.

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு வாளியில் எட்டுப் பத்து லிட்டர் தண்ணீர் எடுத்து, இடுப்பு உயரத்திலிருந்து கோப்பைக்குள் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். சொட்டுச் சொட்டாக ஊற்றக் கூடாது, சர்ரென்று. சத்தத்தோடு இழுத்துக்கொண்டு போனால் குழாய்ப் பாதை சரி, குறை டேங்கிலோ கோப்பையின் விளிம்பிலோ இருக்கிறது. மேலே ஏறி நின்றால் அடைப்பு கீழே. எங்கப்பா எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது வாளிதான். சாமான் பையைப் பிறகுதான் திறப்பார்.

ஒத்தக்கடை அக்கா (ஞாயிறு, காலை 11.15)

வாளி ஊற்றும்போது பாத்ரூம் தரையில் இருக்கும் நாணி ட்ராப்பையும், அதாவது தரைத் தண்ணீர் வடியும் ஓட்டையையும், ஒரு கண்ணால் பாருங்கள் தம்பி. அதில் கொடகொடவென்று குமிழி வந்தால் வந்து சொல்லுங்கள்.

பாண்டிகோயில்வழி (ஞாயிறு, பகல் 12.05)

எதற்கு இவ்வளவு? பாத்ரூம் ஆசிட் இரண்டு பாட்டில், மேலே பிளீச்சிங் பவுடர் ஒரு கைப்பிடி. ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் ஊற்றினால் எல்லாம் கரைந்து போய்விடும்.

ஒத்தக்கடை அக்கா (ஞாயிறு, பகல் 12.11)

ஐயையோ, யாரும் இதைச் செய்துவிடாதீர்கள். ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. கதவைச் சாத்திய சின்ன பாத்ரூமில் அது ஆளையே சாய்த்துவிடும். என் சித்தி இப்படித்தான் இரண்டையும் கலந்து, இருமி இருமி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தனி ஆசிட் என்றாலும் செப்டிக் டேங்கில் கழிவை மக்க வைக்கும் பாக்டீரியா செத்துப்போகும், அப்புறம் டேங்க் சீக்கிரம் நிறையும். காஸ்டிக் சோடாவும் வேண்டாம். தண்ணீர் பட்டதும் கொதிக்கும், சில நேரம் வளைவில் போய்க் கட்டியாக இறுகிக்கொள்ளும்.

பாண்டிகோயில்வழி (ஞாயிறு, பகல் 12.30)

எங்கள் வீட்டில் இருபது வருசமாக இப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அக்கா சொன்னால் சரி. வாயை மூடிக்கொள்கிறேன்.

திருநகர்வாசி (ஞாயிறு, மாலை 5.20)

ஊற்றிப் பார்த்தேன். முதல் வாளி நன்றாகவே போனது. அட, போகிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அக்கா கேட்டது மாதிரியே நாணி ட்ராப்பில் கொடகொட சத்தம். உடனே இரண்டாவது வாளி ஊற்றினேன். அது விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே வரை ஏறி நின்று, அப்புறம் மெதுவாக இறங்கியது. பக்கத்தில் நின்றிருந்த என் மனைவி போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த நாணி ட்ராப்பில் அடிக்கடி தண்ணீர் வற்றி நாற்றம் வருகிறது. அதை வேறு பிரச்சினை என்று நினைத்து இங்கே சொல்லவில்லை.

ஒத்தக்கடை அக்கா (ஞாயிறு, மாலை 6.02)

வேறு பிரச்சினை இல்லை தம்பி, அதுவும் இதே பிரச்சினைதான்.

குழாய்க்குள் தண்ணீர் இறங்க வேண்டுமானால் அங்கே ஏற்கெனவே இருக்கும் காற்றுக்கு ஒதுங்க இடம் வேண்டும். அதற்காகத்தான் செங்குத்துக் குழாயை மொட்டை மாடிக்கு மேலே வரை ஏர் பைப்பாக விடுகிறார்கள். அது அடைபட்டால் தண்ணீருக்கு முன்னால் இருக்கும் காற்று நாணி ட்ராப் வழியாகத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், அதுதான் கொடகொட. தண்ணீர் இறங்கிப் போன பிறகு பின்னால் வெற்றிடம் உண்டாகி ட்ராப்பில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போகும். தண்ணீர் போனால் நாற்றத்தைத் தடுக்க என்ன இருக்கிறது?

நிறையத் தண்ணீர் உள்ள புட்டியைக் கவிழ்த்தால் எப்படி முக்கி முக்கி வருகிறது, அதே கதைதான். அடியில் ஓட்டை போட்டால் சர்ரென்று வந்துவிடும். மொட்டை மாடியில் ஏர் பைப் எங்கே முடிகிறது என்று பாருங்கள்.

கண்மாய்க்கரை (ஞாயிறு, இரவு 8.45)

செப்டிக் டேங்கைப் பார்க்காமல் எல்லோரும் மேலேயே பார்க்கிறீர்களே? எங்கள் வீடு கண்மாய் ஓரம். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் நிலத்தடி நீர் மேலே ஏறி உறிஞ்சுகுழி தண்ணீர் குடிக்காது. கக்கூஸில் ஊற்றுவது அப்படியே நிற்கும். இது தெரியாமல் ஒரு மழைக்காலத்தில் க்ளோசெட்டை மாற்றினேன், மூன்று வருசம் கழித்து இன்னொரு மழைக்காலத்தில் திரும்ப மாற்றினேன். இரண்டு தடவையும் தை பிறந்ததும் தானாகச் சரியானது. நானோ பீஸ் சரியாக வேலை செய்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கொத்தனார்மகன் (ஞாயிறு, இரவு 9.10)

நியாயமான கேள்விதான். ஆனால் இவர் வீட்டில் கீழே நன்றாகப் போகிறது. செப்டிக் டேங்க் நிரம்பினாலோ சேம்பர் (கழிவுக் குழாய் வந்து சேரும், மூடி போட்ட குழி) அடைத்தாலோ முதலில் முழி பிதுங்குவது கீழ் வீட்டு டாய்லெட்தான், மாடிக்கு அப்புறம்தான் தெரியும். அதனால் இவர் விஷயத்தில் டேங்க்கை விட்டுவிடலாம்.

மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். செப்டிக் டேங்க்கை இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுக்கும்போது எக்காரணம் கொண்டும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். "அடியில கசடு இருக்கு, ஒரு ஆள் இறங்கினா சுத்தமாயிரும், ஐநூறு மட்டும் சேத்துக் குடுங்க" என்பார்கள். உள்ளே இருக்கும் வாயு ஒரே மூச்சில் கொன்றுவிடும். 2013ஆம் வருசச் சட்டப்படி அது குற்றமும்கூட, இறக்கச் சொன்ன வீட்டுக்காரரும் தப்ப முடியாது. உதவி எண் 14420.

டல்லாஸ் மதுரைக்காரன் (திங்கள், அதிகாலை 4.30)

அமெரிக்காவில் இருந்து ஒரு சின்ன இடைச்செருகல். இங்கே 1992இல் ஒரு சட்டம் வந்து, 1994 முதல் புது டாய்லெட் ஒரு ஃப்ளஷ்ஷுக்கு 1.6 காலன், அதாவது சுமார் ஆறு லிட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது என்று ஆக்கினார்கள். ஆரம்பத்தில் வந்த பீஸ்கள் பழைய வடிவத்திலேயே தண்ணீரை மட்டும் குறைத்தவை. ஊரே இரண்டு தடவை அமுக்கிக்கொண்டிருந்தது. அப்புறம் சோயா விழுதைக் கோப்பைக்குள் போட்டு எத்தனை கிராம் ஒரே ஃப்ளஷ்ஷில் போகிறது என்று சோதித்து மதிப்பெண் போட ஆரம்பித்தார்கள். மிகச் சிறந்ததுக்கு 1000 கிராம். சாப்பிடும்போது படிப்பவர்கள் மன்னிக்கவும்.

இங்கே பெரும்பாலும் ஸைஃபன் வகை. உள்ளே வளைவு நீளம், குறுகல். தண்ணீர் நிறைந்து உறிஞ்சி இழுக்கும். நம்மூரில் அதிகம் இருப்பது வாஷ்டவுன், தண்ணீர் மேலிருந்து விழுந்து தள்ளும். வளைவு அகலம் என்பதால் லேசில் அடைக்காது. ஆனால் தள்ளுவதற்கு வேகம் வேண்டும். டேங்கில் தண்ணீர் குறைந்தால் முதலில் தோற்பது வாஷ்டவுன்தான். டேங்க் மூடியைத் திறந்து பார்த்தீர்களா?

திருநகர்வாசி (திங்கள், இரவு 8.15)

இரண்டு செய்தி. இரண்டையும் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒன்று, டேங்க் மூடியைத் திறந்தேன். டேங்கில் 6/3 லிட்டர் என்று அச்சிட்டிருக்கிறது, அதாவது முழு ஃப்ளஷ்ஷுக்கு ஆறு, அரை ஃப்ளஷ்ஷுக்கு மூன்று. உள்ளே மண் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில்கள் இரண்டு! அப்பாவிடம் கேட்டேன். 2017இல், வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்ட அந்த வறட்சி வருசத்தில், தண்ணீரை மிச்சப்படுத்த அவர் போட்டு வைத்ததாம். "யாரும் எடுக்கச் சொல்லலையே" என்கிறார். ஆறு லிட்டர் விழ வேண்டிய இடத்தில் இத்தனை வருசமாக நான்குதான் விழுந்திருக்கிறது.

இரண்டு, ஏர் பைப். போன வருசம் மொட்டை மாடியில் வெயிலுக்கு ஷீட் போட்டோம். பைப் நுனி ஷீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு நாற்றம் அடித்ததால், வேலை செய்தவர் ஒரு மூடியைப் போட்டு சொல்யூஷன் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். நல்ல மனசோடு செய்த வேலைதான். ஷீட் போட்டு எத்தனை மாதம் என்று எண்ணினேன். எட்டு.

ஒத்தக்கடை அக்கா (திங்கள், இரவு 8.22)

பார்த்தீர்களா! மூடியை அறுத்து எடுத்துவிட்டு, பைப்பை ஷீட்டைத் தாண்டி நீட்டி, மேலே கவுல் (காற்றுப் போகச் சந்து விட்ட தொப்பி) மாட்டுங்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் முடியக் கூடாது. கொசு வலை கட்டச் சொல்லி மாநகராட்சி ஆட்கள் வருவார்கள், கட்ட வேண்டியதுதான். நைலான் வலையாக இருக்கட்டும், பழைய வேட்டித் துணியைக் கட்டிவிடாதீர்கள். வருசம் ஒருமுறை தூசி தட்ட வேண்டும்.

திருநகர்வாசி (புதன், மாலை 6.50)

பைப் நீட்டியாச்சு. சாமான், கூலி எல்லாம் சேர்த்து 850. கொடகொட நின்றுவிட்டது, இரண்டு வாளி தொடர்ந்து ஊற்றினாலும் ஏறவில்லை. பாட்டில்களும் வெளியே.

ஆனால் ஃப்ளஷ் இன்னும் முழுத் திருப்தி இல்லை. முன்பு மூன்று தடவை, இப்போது ஒன்றரைத் தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளியில் ஊற்றினால் போகிற வேகம் டேங்க் தண்ணீரில் வரவில்லை. கோப்பையின் வலது பக்கம் தண்ணீரே வழிவதில்லை, இடது பக்கம் மட்டும் அருவி.

கொத்தனார்மகன் (புதன், மாலை 7.15)

உங்கள் வீட்டில் போர் தண்ணீரா?

திருநகர்வாசி (புதன், மாலை 7.18)

ஆமாம். குடிக்க மட்டும் மாநகராட்சித் தண்ணீர். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படியும்.

கொத்தனார்மகன் (புதன், இரவு 7.40)

அப்படியென்றால் விளிம்பு ஓட்டைகள்தான். கோப்பையின் மேல் விளிம்புக்கு அடியில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருக்கும், அது வழியாகத்தான் தண்ணீர் சுற்றி விழுகிறது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஷேவிங் கண்ணாடியை உள்ளே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரின் சுண்ணாம்பு படிந்து பாதி ஓட்டை மூடியிருக்கும்.

கடையில் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், கால் கிலோ வாங்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் தண்ணீரைப் பீங்கானில் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். பழைய துணியை அந்தக் கரைசலில் முக்கி, விளிம்புக்கு அடியில் சுற்றிலும் திணித்து வையுங்கள். ராத்திரி முழுக்க இருக்கட்டும். காலையில் துணியை எடுத்துவிட்டு ஒவ்வொரு ஓட்டையையும் கம்பியால் குத்துங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர் என்றால் பீங்கானில் கீறல் விழாது. ஒரே ராத்திரியில் போகாது, இரண்டு மூன்று நாள் செய்ய வேண்டும்.

டேங்கின் வாஷரையும் பார்த்துவிடுங்கள். டேங்கில் நாலு சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் யாரும் அமுக்காமல் இருங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் வாஷர் ஒழுகுகிறது.

சானிடரிகடை (புதன், இரவு 9.30)

நான் ஒரு சானிடரி கடையில் பதினோரு வருசமாக வேலை பார்க்கிறேன். என் பிழைப்பில் மண் விழுகிற இழை என்றாலும் ரசித்துத்தான் படித்தேன். மாற்றித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு நான் கொஞ்சம் சொல்கிறேன். பீங்கானில் விரிசல் விட்டிருந்தால், உள்வளைவில் கட்டும்போது விழுந்த சிமெண்ட் இறுகியிருந்தால், முட்டி வலிக்காக இந்தியனிலிருந்து வெஸ்டர்னுக்குப் போவதானால் மாற்றுவது நியாயம்.

கடைக்கு வரும் முன் அளந்துகொண்டு வாருங்கள். கழிவு தரைக்குள் இறங்கினால் எஸ் ட்ராப், பின்சுவருக்குள் போனால் பி ட்ராப். எஸ் என்றால், டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து ஓட்டையின் நடுமையம் வரை எத்தனை இஞ்ச்? 4, 9, 12 என்று மூன்று அளவில் வரும். பூசாத சுவரிலிருந்து அளந்துவிட்டு, டைல்ஸ் கனம் போய், முக்கால் இஞ்ச் இடித்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. 12 இஞ்ச் ஓட்டைக்கு 9 இஞ்ச் பீஸை வாங்கினால் பின்னால் மூன்று இஞ்ச் சந்து விழும், டேங்க் சுவரில் சாயாமல் ஆடும். 9 இஞ்ச் ஓட்டைக்கு 12 இஞ்ச் பீஸ் உட்காரவே உட்காராது. பி ட்ராப் என்றால் தரையிலிருந்து ஓட்டை மையம் சுமார் 7 இஞ்ச் இருக்க வேண்டும். தரையை உயர்த்தி டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டிய வீட்டில் இந்தக் கணக்கு தப்பிவிடும். அளக்காமல் வாங்கி, ஷேர் ஆட்டோவில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். அந்த ஆட்டோக்காரரின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

பீஸ் வாங்கும்போது அடியில் கழிவு போகும் ஓட்டைக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். வழவழவென்று இருந்தால் உள்வளைவுக்கும் கிளேஸ், அதாவது பளபளப்புப் பூச்சு, கொடுத்திருக்கிறார்கள். சொரசொரவென்றால் வைத்துவிட்டு நகருங்கள், பின்னால் அழுக்கு அங்கேதான் ஒட்டும். குஜராத்தில் மோர்பி, தான்காட் பக்கமிருந்து வரும் குறைந்த விலைப் பீஸ்களில் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. விரல் சொல்லிவிடும்.

கடைசியாக, சிமெண்ட் கொட்டி உட்கார வைக்காதீர்கள். திருகு ஆணியில் நிறுத்தி, ஓரத்தில் சிலிகான் இழுத்தால் போதும். சிமெண்டில் உட்கார்ந்த பீஸைப் பின்னால் ஒருநாள் எடுக்க வேண்டியிருந்தால் உடைக்காமல் வராது.

கண்மாய்க்கரை (புதன், இரவு 9.50)

இரண்டு தடவை உடைத்தவன் சொல்கிறேன், இது நூற்றுக்கு நூறு உண்மை.

பாண்டிகோயில்வழி (வியாழன், காலை 6.30)

வாயை மூடிக்கொள்கிறேன் என்றேன், ஆனால் ஒரு கேள்வி. சாய்வு குறைவாக இருந்தால்? எங்கள் வீட்டில் டாய்லெட்டிலிருந்து சேம்பர் இருபத்தைந்து அடி.

கொத்தனார்மகன் (வியாழன், காலை 7.05)

நான்கு இஞ்ச் பைப்புக்கு நாற்பதுக்கு ஒன்று என்பது பழைய கணக்கு. அடிக்கு கால் இஞ்ச் என்று வேலைத்தளத்தில் சொல்வார்கள், கிட்டத்தட்ட அதுதான். இருபத்தைந்து அடிக்கு ஆறேகாலிலிருந்து ஏழரை இஞ்ச் வரை இறக்கம் வேண்டும். சேம்பர் மூடியைத் திறந்துவைத்து மேலே ஒரு வாளி ஊற்றச் சொல்லுங்கள். மொத்தமாக வந்து விழுந்தால் சாய்வு சரி. நூல் மாதிரி இழுத்துக்கொண்டே வந்தால் நடுவில் எங்கோ பைப் தொங்குகிறது.

திருநகர்வாசி (அடுத்த செவ்வாய், இரவு 9.00)

மூன்று ராத்திரி எலுமிச்சை உப்பு வைத்தேன். கண்ணாடியில் பார்த்தபோது இருபத்திரண்டு ஓட்டையில் ஒன்பதுதான் திறந்திருந்தது. இப்போது எல்லாமே திறந்தாச்சு. குத்தும்போது உதிர்ந்த சுண்ணாம்புக் கட்டியை மகன் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறான், பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போவானாம். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்றிலிருந்து ஒரே ஃப்ளஷ். சிறியதுக்கு அரை ஃப்ளஷ்ஷே போதுகிறது. மொத்தச் செலவு ஏர் பைப்போடு சேர்த்து ஆயிரத்தைத் தொடவில்லை. சொட்டு நீலமும் விட்டுப் பார்த்தேன், வாஷர் ஒழுகவில்லை. எல்லோருக்கும் நன்றி. அப்பா மட்டும் பாட்டில் போனதில் வருத்தமாக இருக்கிறார்.

டல்லாஸ் மதுரைக்காரன் (செவ்வாய், இரவு 10.20)

அப்பாவைச் சமாதானப்படுத்துங்கள். மூன்று தடவை நான்கு லிட்டர் பன்னிரண்டு. ஒரு தடவை ஆறு லிட்டர் ஆறுதான்.

ஆரப்பாளையத்தான் (புதன், காலை 7.45)

இதையெல்லாம் படித்துவிட்டு இன்றைக்குத்தான் எங்கள் டேங்க் மூடியைத் திறந்தேன். பாட்டில் இல்லை. ஒரு முழுச் செங்கல் இருக்கிறது.

கொத்தனார்மகன் (புதன், காலை 7.50)

உடனே எடுங்கண்ணே. ஊறிக் கரைந்திருக்கும், அந்த மண் வாஷரில் உட்கார்ந்து ஒழுக விடும். எடுத்த பிறகு டேங்கின் அடியை ஒரு துணியால் துடைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு வாளி தண்ணீர் எடுங்கள்.